கட்டை ஒரு பக்கம் குவியுது, சா சும்மா நிக்குது: வாசகர் கேள்வி பதில்

மெஷின் வாங்கியாச்சு, வேலை மட்டும் ஓட மாட்டேங்குது என்று இந்த மாதம் பழைய வட ஆற்காட்டின் நாலு மூலையிலிருந்தும் மரத் தொழில்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வேறு வேறு மாதிரி இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன, அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், காட்பாடி பக்கம் எங்களுக்கு அறுவை மில் இருக்கு. தைல மரம், சில்வர் ஓக், கொஞ்சம் வேம்பு அறுத்து பெட்டிக்கும், சரக்கு அடுக்கற மரத் தட்டான பேலட்டுக்கும் சைஸ் போட்டுத் தர்றோம். முன்னாடி எல்லாம் ஆள் வெச்சு உருட்டினோம். இப்ப செகண்ட் ஹேண்டில் பட்டை உரிக்கிற மெஷின் ஒண்ணு, கட்டையைப் படி வழியா ஒவ்வொண்ணா ஏத்தித் தர்ற படி ஃபீடர் ஒண்ணு எடுத்து, பேண்ட் சா, அதாவது அறுக்கிற மெஷினோட செயின் போட்டு இணைச்சிருக்கோம். பட்டை உரிக்க ஒரு எட்டடி கட்டைக்கு 40 செகண்ட் ஆகுது. சாவில் அதையே அறுக்க 2 நிமிஷமும் ஆகுது, 4 நிமிஷமும் ஆகுது. சா முன்னாடி கட்டை மலை மாதிரி ஏறி செயின் பல் விட்டு எகிறுது. அதை எடுத்து முடிச்சா அப்புறம் கட்டை வராம சா நிக்குது. இன்னொரு பேண்ட் சா போட்டா சரியாகுமா?
(பெயர் வேண்டாம், காட்பாடி)

பதில்: இன்னொரு சா போடும் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது, அதை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 40 செகண்டுக்கு ஒன்று என்றால் பட்டை உரிக்கிற மெஷின் ஒரு மணி நேரத்தில் 90 கட்டை தரும். சா சராசரியாக 3 நிமிஷம் எடுக்கிறது என்று வைத்தால் மணிக்கு 20. ஆக முன்னால் இருப்பது நிற்காமல் ஓடினால் ஒவ்வொரு மணிக்கும் 70 கட்டை போக இடமில்லாமல் நடுவில் நிற்கும், செயின் எகிறாமல் என்ன செய்யும்? உங்கள் பட்டை மெஷின் ஒரு மணியில் 13, 14 நிமிஷம் ஓடினாலே சாவுக்குப் போதும். மிச்ச நேரம் அது காத்திருக்கத்தான் வேண்டும். மெஷின் சும்மா நின்றால் காசு போகிறது என்று முதலாளிகளுக்கு மனசு கேட்பதில்லை, ஆனால் உங்கள் மில்லில் காசு போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது சா. அது நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அன்றைக்கு அறுக்க வேண்டிய மரத்தில் குறைகிறது, பட்டை மெஷின் நின்றால் எதுவும் குறைவதில்லை.

அதனால் கட்டையை முன்னாலிருந்து தள்ளக் கூடாது, பின்னால் இருக்கிற மெஷின் கேட்க வேண்டும், கேட்டால்தான் முன்னால் இருப்பது தர வேண்டும். கல்யாணப் பந்தியில் சோறு வெந்துவிட்டது என்பதற்காக யாரும் இலையில் கொட்டுவதில்லை, இலை காலியாகிறதைப் பார்த்துத்தான் வாளி வருகிறது. கார் கம்பெனிகளில் டொயோட்டாக்காரர்கள் இதே முறையைத்தான் பாகம் பாகமாகக் கடைப்பிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள், கட்டைக்கும் அது அப்படியே பொருந்தும்.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். சாவுக்கு முன்னால் பத்து கட்டை பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற அளவுக்குச் சாய்வு மேடை ஒன்று போடுங்கள். ஏன் பத்து என்றால், பட்டை மெஷினுக்குக் கத்தி மாற்ற 20 நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம், அந்த நேரத்தில் சா ஏழு கட்டை தின்றுவிடும், ஆக ஏழு எட்டு கட்டை கையிருப்பு இருந்தால் சா நிற்காது. மேடையில் இரண்டு இடத்தில் சென்சார் வையுங்கள், எட்டாவது கட்டை படுக்கிற இடத்தில் ஒன்று, மூன்றாவது கட்டை படுக்கிற இடத்தில் ஒன்று. எட்டு வரை நிறைந்ததும் முன்னால் இருக்கிற ஃபீடர் நிற்கட்டும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் மறுபடி ஓடட்டும். நடுவில் எத்தனை இருந்தாலும் முன்பு என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே தொடரட்டும், ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும்.

பத்துக்கு இடம் விட்டு எட்டில் ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஃபீடர் நின்ற பிறகும் பட்டை மெஷினுக்குள் ஒரு கட்டை இருக்கும், அங்கிருந்து மேடைக்குக் கொண்டுவருகிற வழிச் செயினில் ஒன்று வந்துகொண்டிருக்கும், அவை இரண்டும் வந்து படுக்க இடம் வேண்டும். பலர் இதை மறந்து மேடையின் கடைசியில் சென்சார் வைத்துவிட்டு, நிறுத்தின பிறகும் ஏறுதே என்று எலெக்ட்ரீஷியனைத் திட்டுகிறார்கள்.

ஒரே சென்சார் போதாதா என்றால், போதாது. ஒன்றே இருந்தால் சா ஒவ்வொரு கட்டையை எடுக்கும்போதும் ஃபீடர் ஓடி நிற்கும், மணிக்கு 20 தடவை, கட்டை ஆடி சென்சார் துடித்தால் அதற்கு மேலேயும். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல ஆறு ஏழு மடங்கு இழுக்கும், அந்தச் சூடு இறங்குவதற்குள் மறுபடி கிளப்பினால் வைண்டிங் எத்தனை நாள் தாங்கும்? மோட்டாருக்குக் கரண்டை இணைத்து வெட்டுகிற காண்டாக்டர் சுவிட்சும் கருகும். இரண்டு சென்சார் வைத்தால் உங்கள் கணக்கில் மேடை நிறைய நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, இறங்க 15 நிமிஷம், ஆக மணிக்கு மூன்று தடவைதான் ஸ்டார்ட். பட்டை மெஷினின் பெரிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நிறுத்தாதீர்கள், அதற்குக் கட்டை தருகிற ஃபீடரை மட்டும் நிறுத்துங்கள். உள்ளே இருக்கிற கட்டை உரிந்து வெளியே வந்துவிட வேண்டும், பாதியில் நின்று மறுபடி கிளம்பினால் கத்தி கடிக்கும்.

கத்தி மாற்றுவது பற்றி இன்னும் ஒன்று. மேடையில் மூன்று கட்டை இருக்கும்போது பட்டை மெஷினைத் திறந்தால் சா ஒன்பதாவது நிமிஷத்தில் நின்றுவிடும், எட்டு கட்டை நிறைந்து ஃபீடர் தானாக நின்ற நேரத்தில் திறந்தால் 24 நிமிஷம் கிடைக்கும். மேடை நிறைந்ததும் ஒரு பச்சை விளக்கு எரிகிற மாதிரி பேனலில் வைத்துவிட்டால் ஃபிட்டருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, விளக்கைப் பார்த்து அவரே ஸ்பேனரை எடுப்பார்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணுகிற வரிசை. முதலில் கடைசி மெஷின், பிறகு அதற்கு முன்னால் இருப்பது, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். நிறுத்தும்போது முன்னாலிருந்து பின்னால் போங்கள். சா ஓவர்லோடில் ட்ரிப் ஆனால் அதற்குக் கட்டை தருகிற எல்லாச் செயினும் அந்த நொடியே நிற்கிற மாதிரி பேனலில் இன்டர்லாக் போட்டிருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டார்ட்டரோடு வரும், ஒன்றுக்கு ஒன்று என்ன நடக்கிறது என்று தெரியாது. நீங்கள் முதலில் பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

சரி, இதெல்லாம் செய்தும் சா நாள் முழுக்க நிற்காமல் ஓடி, அப்பவும் ஆர்டர் முடியவில்லை என்றால் அப்போது இரண்டாவது சா பற்றி எழுதுங்கள்.

கேள்வி: படி ஃபீடர் ஒவ்வொரு கட்டையாத்தான் தரணும்னு சொல்லி வித்தாங்க. எங்களுக்கு ரெண்டு ரெண்டா வருது. செயின்ல ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு போகுது. என்ன பண்ணலாம்?
(ஒடுகத்தூர்)

பதில்: ஒரு படியின் அகலம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். 12 அங்குலப் படியில் 5 அங்குலக் கட்டை போட்டால் இரண்டு தாராளமாக உட்காரும், அதில் மெஷினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. லாரியில் வருகிறதை அப்படியே கொட்டாமல் பருமன் பார்த்துப் பிரியுங்கள், ஒல்லிக் கட்டைகளை ஒரு நேரமும் பருத்ததை ஒரு நேரமும் ஓட்டுங்கள். ஒல்லி ஓடும்போது படியின் உள்பக்கம் ஒரு பட்டைத் தகடு வைத்து போல்ட் போட்டு அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பருத்தது வரும்போது கழற்றிவிடலாம். பிரித்து ஓட்டினால் சாவிலும் நேரம் சீராகும், 2 நிமிஷம் 4 நிமிஷம் என்று குதிக்காது.

முட்டிக்கொண்டு போவதற்கு வேகத்தில்தான் வைத்தியம். உங்கள் முதல் செயின் நிமிஷத்துக்கு 40 அடி ஓடுகிறது, எட்டடிக் கட்டைகள் வாலும் தலையும் ஒட்டிக்கொண்டு போகின்றன என்றால் 12 செகண்டுக்கு ஒரு கட்டை அந்த முனையைத் தாண்டும். அடுத்த செயினை 60 அடியில் ஓட்டுங்கள். அந்த 12 செகண்டில் முன்னால் போன கட்டை 12 அடி போயிருக்கும், அதில் கட்டையின் நீளம் எட்டு போக நாலு அடி இடைவெளி தானாகக் கிடைக்கும். சென்சார் கட்டையை எண்ணுவதற்கும், உதைத்து ஓரம் தள்ளுகிற சிலிண்டர் போய்த் திரும்புவதற்கும் அந்த நாலு அடி வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல் மாற்றினாலே இந்த வேகம் வரும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரைவ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ட்ரைவ் ஏற்கெனவே இருந்தால் ஒன்று கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஓடுகிற மோட்டாரை 25-க்கு இறக்கினால் செயின் பாதி வேகத்தில் போகும், கூடவே மோட்டாரின் வாலில் இருக்கிற விசிறியும் பாதி வேகத்தில்தான் சுற்றும். லோடு குறையாமல் காற்று மட்டும் குறைந்தால் சித்திரை வெயிலில் மோட்டார் மேல் கை வைக்க முடியாது. நாள் முழுக்க மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்றால் கியர் பாக்ஸ் விகிதத்தை மாற்றுங்கள்.

கேள்வி: சிப்காட் பக்கம் பேலட் யூனிட். சென்சார் காலையில நல்லா வேலை செய்யுது, மத்தியானத்துக்கு மேல பொய் சொல்லுது. கட்டையே இல்லாதப்ப நிக்குது, கட்டை இருக்கறப்ப தள்ளுது. மூணு தடவை மாத்திட்டோம்.
(ராணிப்பேட்டை)

பதில்: நாலாவதும் மாற்றாதீர்கள். என்ன வகைச் சென்சார் என்று எழுதவில்லை, ஆனால் நீங்கள் சொல்கிற குணத்தைப் பார்த்தால் ஒரே டப்பாவுக்குள் ஒளியை அனுப்பி, கட்டையில் பட்டுத் திரும்புகிறதை அதே டப்பா பார்க்கிற வகையாக இருக்க வேண்டும். கட்டை விஷயத்தில் அது நம்பகமில்லை. ஈரப் பட்டை கறுப்பாக இருக்கும், ஒளியைத் திருப்பித் தராது. காய்ந்து வெளுத்த கட்டை தாராளமாகத் தரும். சென்சாருக்கு அதனால் எது கட்டை, எது காலி இடம் என்று குழம்பிவிடும். மேற்கே திறந்த ஷெட் என்றால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணாடியில் விழும், அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு பக்கம் ஒளி விடுகிறது, எதிர்ப் பக்கம் வாங்குகிறது என்று இரண்டு தனித்தனித் துண்டாக இருக்கிற வகையைப் போடுங்கள். கட்டை குறுக்கே வந்தால் ஒளி வெட்டுப்படும், கட்டை கறுப்பா வெளுப்பா என்ற கவலையே இல்லை. இதில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. கண்ணாடியில் மரத்தூள் படிந்து மூடிவிட்டால் ஒளி வராது, மெஷின் அங்கே கட்டை இருப்பதாக நினைத்து முன்னால் இருக்கிறதை நிறுத்திவிடும். வேலை நிற்கும், ஆனால் மேலே மேலே ஏறி யார் காலிலும் விழாது. தப்பு நடந்தால் நிற்கிற பக்கமாக நடக்க வேண்டும், சென்சார் எதுவானாலும் வயரிங் அப்படித்தான் இருக்க வேண்டும், உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வாங்குகிற துண்டுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் செருகி வைத்தால் வெயிலும் தூளும் நேராகப் படாது, குழாயின் வாய் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கட்டும். டைமரில் ஒரு செகண்ட் தாமதம் கொடுங்கள். பறக்கிற பட்டைத் துணுக்கு, குறுக்கே ஆட்டுகிற கை இவற்றை எல்லாம் அது கணக்கில் எடுக்காது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துடைப்பு. தூள் ரொம்ப அதிகம் என்றால் ஒளியே வேண்டாம், கட்டை படுத்தால் அழுந்துகிற இரும்பு நாக்கு ஒன்று செய்து கீழே லிமிட் சுவிட்ச் வையுங்கள், லேத் பட்டறையில் அரை நாளில் செய்து தருவார்கள், தூளுக்கு அது கவலைப்படாது.

கேள்வி: மெஷின்களைக் கட்டுப்படுத்தற குட்டிக் கம்ப்யூட்டர், அதான் பி.எல்.சி., போடணும்னு ஒருத்தர் பெரிய தொகை சொல்றார். அவசியமா?
(வாலாஜா)

பதில்: இரண்டு மெஷின், நடுவில் ஒரு மேடை என்றால் அவசியமில்லை. இரண்டு சென்சார், பிடித்து வைக்கிற ரிலே ஒன்று, டைமர் ஒன்று, இது போதும், பழுதானாலும் உங்கள் ஊர் எலெக்ட்ரீஷியனே சரி செய்வார். நாலைந்து மெஷின் ஒன்றை ஒன்று கேட்டு ஓட வேண்டும், கட்டையை எண்ணி, நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் போடுங்கள், அப்போதும் புரோகிராமின் பிரதியைக் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் மில்லில் கன்வேயர்கிட்ட நிக்கிற ஆள். கட்டை மாட்டிக்கிட்டா மேஸ்திரி, செயின நிறுத்தாம கடப்பாரையால நெம்புன்னு சொல்றார். நிறுத்தினா மறுபடி எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ண நேரம் ஆகுதாம். எனக்கு பயமா இருக்கு. கூட வேலை செய்யறவங்க, பழகிடும்னு சொல்றாங்க.
(பெயர், ஊர் வேண்டாம், குடியாத்தம் தாலுகா)

பதில்: தம்பி, பயப்படுவது சரி. பழக வேண்டாம். செயின் ஓடும்போது கடப்பாரை உள்ளே போகக் கூடாது, யார் சொன்னாலும் போகக் கூடாது. மாட்டின கட்டைக்குப் பின்னால் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கிறது, கட்டை விடுபடுகிற அந்த நொடியில் கடப்பாரையின் மறுமுனை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சிலும் முகத்திலும்தான் அடிக்கும், கையை உள்ளே இழுத்துக்கொண்டும் போகும்.

நிறுத்தினால் மட்டும் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டனை அழுத்தி நிறுத்தினால் இன்னொருவர் அங்கிருந்து பட்டனை அழுத்தி ஓட்டலாம். கரண்டை முழுசாகத் துண்டிக்கிற மெயின் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டு போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுகிற வசதி இல்லை என்றால் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கிறது. கரண்ட் போனாலும் சாய்வு மேடையில் கட்டை உருண்டு வரத் தயாராகத்தான் நிற்கிறது, இழுபட்ட செயினில் விசை இருக்கிறது, சிலிண்டரில் காற்றோ எண்ணெயோ அழுத்தத்தில் இருக்கிறது. முதலில் மேலே நிற்கிற கட்டைகளுக்கு ஆப்பு வையுங்கள், சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடுங்கள், பிறகு நெம்புங்கள். சாய்வுக்குக் கீழ்ப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், நெம்பும்போது கடப்பாரையை வயிற்றுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

இதைப் படிக்கிற மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் சொல்கிறேன். ஓடுகிற மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு போட வேண்டும் என்பது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது, இன்றைக்கு வந்த புதுப் பேச்சு இல்லை. செயின் நெடுக ஒரு கயிறு கட்டி, எங்கிருந்து இழுத்தாலும் எல்லாம் நிற்கிற மாதிரி எமர்ஜென்சி சுவிட்ச் போடுங்கள், அதை விடுவித்ததும் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது, யாராவது போய் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். மறுபடி ஸ்டார்ட் பண்ண நேரமாகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், வரிசையாகத் தானே கிளம்புகிற டைமர் ஸ்டார்ட்டர் போட்டால் ஒரு நிமிஷ வேலை. அதைவிட முக்கியமாக, தினமும் கட்டை மாட்டுகிறது என்றால் முன்னாலிருந்து அளவுக்கு மீறித் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம், காட்பாடிக்காரருக்குச் சொன்ன பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

தம்பி, சொல்லியும் கேட்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம், அது அரசுத் துறை, இதற்காகவே இருப்பது.

கேள்வி: ரோட்டோரப் புளிய மரம் ஏலத்தில் எடுத்து அறுக்கிறோம். ஆணியால் பிளேடு போகிறது. மெட்டல் டிடெக்டரை எங்கே வைப்பது?
(சோளிங்கர்)

பதில்: சாவின் வாய் அருகே வைக்காதீர்கள். அங்கே மணி அடித்தால் சாவை நிறுத்தித்தான் கட்டையை இறக்க வேண்டும். மேடைக்கு முன்னால், வழிச் செயினிலேயே வையுங்கள், ஆணி இருக்கிற கட்டை பக்கவாட்டில் ஒதுங்க ஒரு வழி விடுங்கள், மேடையில் இருப்பதைச் சா அறுத்துக்கொண்டே இருக்கும், ஒதுங்கினதை ஒருவர் உட்கார்ந்து நிதானமாகத் தோண்டி எடுக்கலாம். டிடெக்டர் இருக்கிற இடத்தில் செயினும் சட்டமும் இரும்பாக இருக்கக் கூடாது, அந்த ஓரிரு அடிக்கு ரப்பர் பெல்ட் வேண்டும். அடிமரத்தில் ஆள் உயரம் வரைதான் விளம்பரத் தகடும் கம்பியும் அதிகம் அடித்திருப்பார்கள், அந்தத் துண்டுக்குத் தனியாகச் சாக் கட்டியால் குறி போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: அரக்கோணம் பக்கம், கட்டையை மெல்லிய தகடா, அதாவது வெனீரா உரிக்கிற யூனிட். மெஷின் நிக்கக் கூடாதுன்னு முற்றத்தில் நிறைய தைலக் கட்டை அடுக்கி வெச்சிருக்கோம். முனை எல்லாம் வெடிக்குது, உரிக்கும்போது கிழியுது. எவ்வளவு கட்டை வெச்சிருந்தா சரி?
(அரக்கோணம்)

பதில்: கையிருப்பு வேண்டும் என்று மேலே எழுதினேன், அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் முற்றமே சாட்சி. தைல மரத்துக்கு வளரும்போதே உள்ளுக்குள் இறுக்கம் உண்டு, வெட்டினதும் முனையில் அது பிளக்கப் பார்க்கும், அதோடு நம் பக்கத்து வெயிலில் முனை காய்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முற்றத்தில் நிற்கிற கட்டையின் எண்ணிக்கையைத் தினம் உரிக்கிற எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கட்டை சராசரியாக எத்தனை நாள் வெயிலில் கிடக்கிறது என்று வந்துவிடும். 1,200 கட்டை கிடந்து தினம் 200 உரித்தால் ஆறு நாள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் இந்தக் கணக்கைப் பொதுவாகவே நிரூபித்துக் காட்டினார், எந்த வரிசைக்கும் இது பொருந்தும். அக்னி நட்சத்திர நாட்களில் ஆறு நாள் தாங்காது. இரண்டு நாள் கையிருப்பு போதும் என்றால் 400 கட்டைதான் முற்றத்தில் இருக்க வேண்டும், லாரிக்காரரிடம் வாரம் ஒரு பெரிய லோடுக்குப் பதில் இரண்டு நாளுக்கு ஒரு சின்ன லோடு என்று பேசுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் கிழிந்து போகிற வெனீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், காட்டுக்குள் லாரி போகாது, அப்போது கையிருப்பைக் கூட்டிக்கொள்ளலாம், அந்த ஈரத்தில் முனையும் சீக்கிரம் காயாது.

சராசரி ஆறு நாள் என்றால் சில கட்டை பதினைந்து நாளாகக் கிடக்கிறது என்பதையும் பாருங்கள். மேலே மேலே போட்டு மேலிருந்தே எடுத்தால் அடியில் இருப்பது அடியிலேயே காயும். குவியலுக்கு ஒரு பக்கம் இறக்குகிற வழி, எதிர்ப்பக்கம் எடுக்கிற வழி என்று பிரித்துவிடுங்கள். வந்த அன்றே முனையில் கிழமைக்கு ஒரு நிறம் பெயின்ட் தொட்டு வைத்தால் மெஷினில் நிற்கிற பையனுக்கே எது முதலில் என்று தெரியும்.

நீளக் கட்டையை நீளமாகவே வைத்திருங்கள், உரிக்கிற சைஸுக்கு முன்கூட்டியே துண்டு போட்டு அடுக்காதீர்கள். ஒரு நீளக் கட்டைக்கு இரண்டு முனைதான், அதையே மூன்றாக வெட்டினால் ஆறு முனை வெடிக்கும். உரிக்கிற மெஷினுக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய துண்டுகள் மட்டும் இருக்கட்டும், அது குறைந்தால்தான் துண்டு போடுகிற கிராஸ் கட் சா ஓடட்டும். குவியல் மேல் பச்சை வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், முனையில் மெழுகு பூச முடிந்தால் வெட்டின அன்றே பூசிவிடுங்கள், மறுநாள் பூசினால் பிளவுக்கு மேல்தான் பூசுவீர்கள்.